மேற்கு ஜன்னலுக்கு அடுக்குத் திரை: மூங்கில் தட்டி, மல் துணி, கரூர் காட்டன் எப்படி இருக்கின்றன?

ஜன்னல் ஸ்கிரீனுக்கு 10,000, 15,000 என்று எடுத்து வைத்திருப்பவர்கள் முதலில் அதில் ஒரு 4,000 ரூபாயை ஜன்னலுக்கு வெளியே செலவு பண்ணுங்கள். உள்ளே எவ்வளவு தடித்த துணி போட்டாலும் நம் ஊர் மேற்கு வெயிலுக்கு அது பாதி மருந்துதான். வெளியே ஒரு மூங்கில் தட்டி, அதற்கு உள்ளே கண்ணாடியும் கொசுவலையும், அப்புறம் ஒரு மல் துணி, கடைசியாகத் தடித்த காட்டன் என்று வரிசையாக அடுக்கினால் அறையே வேறு மாதிரி ஆகிறது. எங்கள் வீட்டில் இந்த ஏற்பாடு ஒரு முழு கோடையையும், ஆடிக் காற்றையும், ஐப்பசி மழையையும் பார்த்துவிட்டது. அதனால் ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாகச் சொல்கிறேன், எது காசுக்கு உண்டு, எது இல்லை என்று.

வீடு திருச்சியில், முதல் மாடி. ஹாலுக்கும் ஒரு படுக்கையறைக்கும் மேற்கு பார்த்த ஜன்னல். இது ஏன் முக்கியம் என்றால், திருச்சி இருக்கும் இடத்தில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலேயோ, கொஞ்சம் வடக்கே தள்ளியோதான் போகும். தெற்கு ஜன்னலுக்குக் கோடையில் பெரிய தொந்தரவு கிடையாது, சன்ஷேடே பார்த்துக்கொள்ளும். தொந்தரவு முழுக்க கிழக்குக்கும் மேற்குக்கும்தான், அதிலும் மேற்கு மோசம், ஏனென்றால் மூன்று மணிக்கு மேல் சூரியன் சாய்ந்து வந்து சன்ஷேடுக்கு அடியில் நுழைந்து நேராகச் சோபா மேல் விழும். அந்த நேரத்தில் இரண்டடி சன்ஷேடு இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

முதலில் ஊரில் ஒரு பெரிய ஷோரூமில் விலை கேட்டோம். ஐந்தடி அகல ஜன்னல் ஒன்றுக்கு வெளிச்சமே விடாத பிளாக்அவுட் துணி, அதற்கு முன்னால் பட்டை பட்டையாக இருக்கும் ஜீப்ரா பிளைண்ட், மோட்டார் வேண்டுமென்றால் தனிக்காசு என்று 14,000க்குப் பக்கத்தில் சொன்னார்கள். துணி நல்ல துணிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே நின்றுகொண்டிருந்த அரை மணி நேரத்தில் யாரும் ஜன்னல் எந்தத் திசை என்று கேட்கவே இல்லை. சோபா என்ன கலர், சுவர் என்ன கலர், இதுதான் கேள்வி. ஜன்னல் திரை விற்கிறவர் முதலில் கேட்க வேண்டியது திசையை இல்லையா?

கண்ணாடி வெயிலை உள்ளே விட்டுவிடும், ஆனால் அந்த வெயில் பட்டுச் சூடான பொருளிலிருந்து கிளம்பும் அனலைத் திரும்ப வெளியே விடாது. வெயிலில் நிறுத்தின கார் உள்ளே கொதிப்பதற்கு இதுவும், சூடான காற்று வெளியே போக வழியில்லாததும்தான் காரணம். ஆக உள்ளே தொங்குகிற திரை வெயிலைத் தடுக்கும்போது அது கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயில். திரை சூடாகும், திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கும் காற்று சூடாகி மேலே போய் ராடுக்கு மேலே இருக்கும் இடைவெளி வழியாக அறைக்குள்தான் கொட்டும். பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேலே மரத்தில் பெல்மெட் பெட்டி வைத்திருப்பார்கள், அழகுக்கு என்று நினைத்து இப்போது எல்லோரும் கழற்றிவிட்டோம், அது அந்த மேல் இடைவெளியை மூடுகிற வேலையையும் செய்துகொண்டிருந்தது. பின்பக்கம் வெள்ளையாக இருக்கும் பிளாக்அவுட் துணி கொஞ்சம் வெயிலைத் திருப்பி அனுப்பும், உண்மைதான். ஆனால் கண்ணாடியில் படுவதற்கு முன்னாலேயே நிழல் போட்டுவிட்டால் இந்தக் கதையே கிடையாது.

சரி, தட்டிக்கு வருகிறேன். ரோட்டோரத்தில் மூங்கில் தட்டி பின்னி விற்பவரிடம் அளவு கொடுத்துச் செய்தது. சதுர அடி 110 ரூபாய். ஆறடி அகலம், ஐந்தரை அடி உயரம், மொத்தம் 33 சதுர அடி, 3,630 ஆனது. ஜன்னல் அகலத்தை விட இரண்டு பக்கமும் ஆறு அங்குலம் கூடுதலாக வைக்கச் சொன்னது அவர்தான், "வெயில் நேரா மட்டும் வராதும்மா, ஓரத்துலயும் எட்டிப் பாக்கும்" என்றார். சரியாகச் சொன்னார். இதைச் சன்ஷேடின் வெளி விளிம்பில், அடிப்பக்கம் கொக்கி அடித்து மாட்டினோம். கண்ணாடியில் ஒட்டி மாட்டக்கூடாது. தட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இரண்டடி இடம் இருந்தால் அங்கே காற்று ஓடும், தட்டி பிடித்த சூடு அங்கேயே போய்விடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. குச்சியைக் கட்டியிருக்கும் நூல் நைலானா பருத்தியா என்று பாருங்கள், பருத்தி நூல் ஒரே மழைக்காலத்தில் இற்றுவிடும். மடிக்கிற கயிறும் கப்பியும் கொஞ்சம் கனமாகக் கேளுங்கள், பிளாஸ்டிக் கப்பி வெயிலில் உடையும், பித்தளையோ இரும்போ போடச் சொன்னால் 150, 200 கூட வாங்குவார்கள், கொடுக்கலாம். பச்சைத் துணி வைத்துத் தைத்த தட்டி ஒன்று காட்டுவார்கள், பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் துணி வெயிலில் வெளுத்துக் கிழிந்த பிறகு தட்டி பஞ்சத்தில் அடிபட்ட மாதிரி ஆகிவிடும், எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் பார்க்கலாம். துணி இல்லாத வெறும் தட்டி போதும். குச்சிகளுக்கு இடையில் ஊசி நுழையும் அளவு இடைவெளி இருக்கும், அது வழியாகத்தான் காற்று வரும், வெளிச்சமும் வரும்.

அந்த வெளிச்சத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாலரை மணிக்குத் தட்டி இறங்கியிருந்தால் ஹால் தரையில் குச்சி குச்சியாக மெல்லிய கோடுகள் விழும், அதற்கு மேல் மல் துணியையும் இழுத்துவிட்டால் அந்தக் கோடுகளும் கரைந்து அறை முழுக்க ஒரே மாதிரியான வெளிச்சம். என் மாமியார் முதல் நாளே சொன்னார், "இந்த வெளிச்சத்துல கீரை ஆயலாம், ஆனா கண்ணு கூசல." பிளாக்அவுட் போட்ட வீட்டில் பட்டப்பகலில் டியூப்லைட் எரிகிறது, எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. வெளிச்சம் வேண்டும், வெயில்தான் வேண்டாம்.

தட்டியில் குறைகளும் உண்டு. பெரிய குறை ஆடிக் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது திருச்சி, கரூர் பக்கம் சும்மா சொன்ன பழமொழி இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைகிற காற்று நேராக மேற்கு ஜன்னலுக்குத்தான் வரும், மண்ணையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். தட்டியின் கீழ்க்கட்டை கிரில் கம்பியில் இடித்து இடித்து ராத்திரி தூங்க விடாது. இதற்கு வழி, தட்டியின் கீழ் இரண்டு முனையிலும் கயிறு விட்டுச் சுவரில் கீழே இரண்டு கொக்கி அடித்து இழுத்துக் கட்டிவிடுவது. கட்டின பிறகு ஆடாது. ஆனால் காற்று பலமாக இருக்கும் நாளில் கட்டி வைக்காமல் சுருட்டி மேலே ஏற்றிவிடுவதுதான் நல்லது, இல்லாவிட்டால் கொக்கி பிடுங்கிக்கொண்டு வரும். இந்தக் கீழ்க் கொக்கி எதையும் தட்டிக்காரர் சேர்த்துத் தரவில்லை, நாமாகக் கேட்க வேண்டும்.

அடுத்தது மழை. நனைந்த தட்டியைச் சுருட்டி வைத்தால் உள்ளே கருப்பாகப் பூஞ்சை பிடிக்கும், காய்ந்த பிறகுதான் சுருட்ட வேண்டும். அப்புறம் மூங்கிலை உளுக்கும் வண்டு. கீழே மஞ்சள் மாவு மாதிரி கொட்டியிருந்தால் வண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். மாட்டுவதற்கு முன்னாலேயே இரண்டு பக்கமும் வார்னிஷ் அடித்து இரண்டு நாள் காய விட்டு மாட்டினால் நிறைய நாள் தாங்கும், எங்களுடையது இதுவரை உளுக்கவில்லை. இன்னொன்று, ஜன்னல் கதவு வெளிப்பக்கம் திறக்கிற பழைய மரக் கதவாக இருந்தால் தட்டி இடிக்கும், முதலில் கதவைத் திறந்து அளந்து பாருங்கள். ஸ்லைடிங் ஜன்னல் என்றால் பிரச்சினை இல்லை, கயிற்றை மட்டும் கிரில் வழியாக உள்ளே இழுத்து, கயிறு சுற்றுவதற்கென்றே இருக்கும் ஒரு கிளீட் கொக்கியில் சுற்றிக்கொள்ளலாம்.

வெட்டிவேர் தட்டி போடலாமே என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அந்தக் காலத்து அரசாங்க அலுவலகங்களிலும் பெரிய பங்களாக்களிலும் கோடையில் வெட்டிவேர் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். திருச்சி, மதுரை, வேலூர் மாதிரி காய்ந்த வெயில் அடிக்கிற ஊருக்கு அது நிஜமாகவே வேலை செய்யும், தண்ணீர் ஆவியாகும்போது காற்று குளிர்கிறது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் காற்றிலேயே ஈரம் அதிகம், தண்ணீர் லேசில் ஆவியாகாது, அறை புழுங்கத்தான் செய்யும், வாசனை மட்டும்தான் மிச்சம். எங்கள் ஊருக்கு ஒத்துவரும் என்றாலும் மணிக்கு ஒரு தரம் தண்ணீர் தெளிக்க வீட்டில் ஆள் வேண்டும், மேற்கு ஜன்னலுக்கு அது நடைமுறைக்கு வராது என்று விட்டுவிட்டோம்.

இரண்டாவது அடுக்கு மல் துணி. இதற்குக் கடைகளில் எல்லோரும் பாலியெஸ்டர் நெட்டைத்தான் எடுத்துப் போடுவார்கள், பளபளவென்று, ஓரத்தில் எம்பிராய்டரியோடு. அது துவைக்கச் சுலபம், சுருக்கம் விழாது, அயர்ன் வேண்டாம், இதெல்லாம் உண்மை. ஆனால் திருச்சி வெயிலில் காய்ந்த காற்றில் அது தூசியை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்கிறது, தொட்டால் கையில் ஒட்டுகிறது. காட்டன் மல் அப்படி இல்லை. மீட்டர் 110 ரூபாய்க்கு வெள்ளை மல் எடுத்தேன், வேட்டித் துணியை விட மெல்லிசு. காற்று வந்தால் துணி தூக்கி உள்ளே வரும், காற்று நின்றால் தானாக இறங்கும். குறை, துவைத்த பிறகு கசங்கித்தான் இருக்கும். ஈரத்தோடேயே ராடில் மாட்டிவிட்டால் அதன் கனத்திலேயே பாதிச் சுருக்கம் போய்விடுகிறது, மீதிக்கு நான் கவலைப்படுவதில்லை.

மல்லோ நெட்டோ, இந்த மெல்லிசு அடுக்கைப் பற்றி ஒன்றை நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பகலில் வெளியே வெளிச்சம் அதிகம், உள்ளே குறைவு, அதனால் வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே எதுவும் தெரியாது, நமக்கு வெளியே தெரியும். ராத்திரி விளக்கு போட்டதும் அப்படியே தலைகீழ். எதிர்வீட்டு மாடியிலிருந்து நம் ஹாலில் என்ன சீரியல் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். மெல்லிசு ஸ்கிரீன் மட்டும் போட்டு அழகாக இருக்கிறது என்று விட்டுவிடுகிறவர்கள் ராத்திரி ஒருமுறை ரோட்டில் நின்று தங்கள் வீட்டைப் பார்க்க வேண்டும். மூன்றாவது அடுக்கு கட்டாயம் என்பது இதற்காகத்தான், வெயிலுக்காக இல்லை.

அந்த மூன்றாவது அடுக்குக்குக் கரூர் போனோம். திருச்சியிலிருந்து ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். கரூர் பெட்ஷீட், மேஜை விரிப்பு, அடுப்படித் துணி, ஸ்கிரீன் எல்லாம் வெளிநாட்டுக்கு நெய்து அனுப்புகிற ஊர், ஏற்றுமதியில் மிஞ்சினதும், ஆர்டர் போக மீதியும் உள்ளூர்க் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். கொசுவலையும் அங்கேதான் ஏராளமாகச் செய்கிறார்கள், ஜன்னல் கொசுவலைக்கு வேண்டிய வலையையும் கையோடு வாங்கிக்கொண்டோம். ஈரோடு பக்கம் சென்னிமலைக்குப் போனாலும் கைத்தறியில் நல்ல ஸ்கிரீன் துணி கிடைக்கும். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு உள்ளூர் கோ-ஆப்டெக்ஸ் இருக்கவே இருக்கிறது, தீபாவளிக்குத் தள்ளுபடி வரும்போது எடுத்தால் விலையும் கட்டுப்படியாகும், கலர்தான் குறைவாக இருக்கும்.

நாங்கள் எடுத்தது 54 அங்குல அகலத்தில் தடித்த காட்டன், மீட்டர் 280. கேன்வாஸை விடக் கொஞ்சம் மெல்லிசு, பெட்ஷீட்டை விட நல்ல கனம். மணல் நிறத்தில் மெல்லிய நீலக் கோடு. துணி எடுக்கும்போது நான் பார்க்கிற முதல் விஷயம், திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பார்ப்பது. நூலிலேயே சாயம் ஏற்றி நெய்த துணி என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். பிரிண்ட் அடித்தது என்றால் பின்பக்கம் வெளுத்திருக்கும், ஜன்னலில் மாட்டினால் ரோட்டிலிருந்து தெரிவது அந்த வெளுத்த பக்கம்தான். அப்புறம் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் துணி மேல் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் வேண்டாம். கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார், கரூரில் துணி வியாபாரம் பண்ணுகிறவர்களுக்கு இது பழகின விஷயம். எங்களுக்கு எடுத்துப்போட்டவரே ஒரு மூலையை நனைத்துத் தேய்த்துக் காட்டினார், "மெரூன் எடுக்காதீங்க, மேக்கு வெயிலுக்கு ரெண்டு வருஷத்துல ரோஸ் ஆயிடும்" என்றும் சொன்னார். விற்க வேண்டிய துணியை வேண்டாம் என்று சொல்கிற கடைக்கு நான் மறுபடியும் போவேன்.

இப்போது கணக்கு. ஜன்னல் ஐந்தடி, ராடு ஆறடி, அதாவது 72 அங்குலம். திரை மடிப்பு மடிப்பாக விழ வேண்டும் என்றால் துணி அகலம் ராடு நீளத்தைப் போல இரண்டு மடங்காவது வேண்டும், 144 அங்குலம். 54 அங்குலத் துணியில் மூன்று அகலம் எடுத்தால் 162, போதும். நீளம் ராடிலிருந்து தரை வரை 94 அங்குலம், மேலே மடிக்க நாலு, கீழே மடிக்க நாலு, சுருக்கத்துக்கு மூன்று, ஆக 105, மீட்டரில் 2.7 என்று வையுங்கள். மூன்று அகலத்துக்கு 8.1 மீட்டர், 2,268 ரூபாய். ரெடிமேடில் நாலடி அகலம் என்று எழுதி வைத்து ஒரு ஜன்னலுக்கு இரண்டு விற்பார்கள், அது 96 அங்குலம், மூடினால் பலகை மாதிரி நிற்கும், மடிப்பே விழாது. ரெடிமேட் வாங்குகிறவர்கள் இதே அளவு ஜன்னலுக்கு மூன்று வாங்குங்கள், விலையையும் அப்படிப் பார்த்தே ஒப்பிடுங்கள்.

துணியைத் தைப்பதற்கு முன்னால் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காய வைத்துவிடுவது நல்லது. காட்டன் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் தரைக்கும் திரைக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி விட்டுத் தொங்கும், மறுபடி ஒன்றும் செய்ய முடியாது.

தைத்தது உறையூரில் ஒரு தையல்கார அம்மா, வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைக்கிறவர். ஒரு திரைக்கு 200 கூலி. திரையின் மேல் ஓரத்தில் ராடு நுழைவதற்கு வைக்கிற ரிங் கணக்கை இவரிடம்தான் தெரிந்துகொண்டேன். ஒரு பக்கத் திரைக்கு எத்தனை ரிங் வரும் என்று கேட்டதற்கு, "பன்னெண்டு போடறேன்க்கா. பதிமூணு போட்டா ஒரு ஓரம் செவுத்தப் பாக்கும், இன்னொரு ஓரம் உங்க மூஞ்சியப் பாக்கும்" என்றார். ரிங் எப்போதும் இரட்டைப்படையில் இருந்தால்தான் இரண்டு ஓரமும் ஜன்னல் பக்கம் மடங்கி நிற்கும். நம்புங்கள், மாட்டின திரையைப் பார்த்தவுடனே ஏதோ சரியில்லை என்று தோன்றுகிற வீடுகளில் பாதிக்கு இதுதான் காரணம். மல் துணிக்கு ரிங் வேண்டாம், மேலே ராடு நுழைகிற அளவுக்குக் குழாய் மாதிரி தைத்தால் போதும் என்று அவரே சொன்னார். அதை தினமும் இழுத்து மூடித் திறக்கப் போவதில்லையே. மல் திரையின் கீழ் மடிப்புக்குள் மெல்லிய சங்கிலி ஒன்றை வைத்துத் தைத்துக் கொடுத்தார், ஆடிக் காற்றில் துணி சாமி படத்து விளக்குப் பக்கம் பறக்காமல் இருக்கிறது. இதற்குக் கூடுதல் காசு கேட்கவில்லை. இந்த முழு வேலையிலும் எனக்கு முழுத் திருப்தி கொடுத்தது இவர் தையல்தான்.

திருப்தி இல்லாதது ராடு மாட்ட வந்தவர்கள். இரட்டை ராடு, இரட்டை பிராக்கெட், எல்லாம் சேர்த்து 1,400க்கு வாங்கின கடையிலிருந்தே ஆள் அனுப்பினார்கள். வந்தவர் சின்ன டிரில் ஒன்றோடு வந்தார். ஜன்னலுக்கு மேலே இருப்பது கான்கிரீட் லிண்டல், அதில் சாதாரண டிரில் இறங்காது, பிட் வழுக்கிக்கொண்டு ஓடும். அரை அங்குலம் கூட இறங்காத ஓட்டையில் பிளக்கை அடித்து வைத்து, ஸ்க்ரூவைச் சுத்தியலால் தட்டிவிட்டு, காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரே வாரத்தில் ஒரு பக்க பிராக்கெட் தொங்கியது. கடையில் சொன்னால் "துணி கனம் அதிகம் மேடம்" என்று பதில். கனமான துணிக்குத்தானே இரட்டை பிராக்கெட் விற்றீர்கள் என்று கேட்டும் பிரயோஜனம் இல்லை. கடைசியில் எங்கள் எலெக்ட்ரீஷியன் தம்பி ஹேமர் டிரில் கொண்டு வந்து இரண்டு அங்குலம் ஆழமாக ஓட்டை போட்டு மாட்டிக் கொடுத்தார், இன்றுவரை அசையவில்லை. யாரை மாட்டக் கூப்பிட்டாலும் ஹேமர் டிரில் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். ராடு ஜன்னலின் மேல் விளிம்புக்கு ஆறு, எட்டு அங்குலம் மேலேயும், பக்கவாட்டில் ஆறு அங்குலம் வெளியேயும் போகட்டும். அப்போதுதான் பகலில் திரையை ஒதுக்கும்போது அது சுவர் மேல் போய் நிற்கும், ஜன்னலை மறைக்காது. ஆறடி ராடு என்றால் நடுவில் ஒரு பிராக்கெட்டும் வேண்டும், இல்லாவிட்டால் தொய்யும். இரண்டு ராடுக்கும் நடுவில் மூன்று அங்குலமாவது இடைவெளி இல்லாத பிராக்கெட் வாங்காதீர்கள், முன் திரையை இழுக்கும்போது பின்னால் இருக்கும் மல்லும் சேர்ந்து வரும்.

படுக்கையறைக்கு மட்டும் கூடுதலாக ஒரு லைனிங். வீட்டுக்காரருக்கு ராத்திரி ஷிப்ட், காலையில் வந்து பகலில் தூங்க வேண்டும், அந்த அறைக்கு இருட்டு அவசியம். பிளாக்அவுட் துணியைத் தனித் திரையாக வாங்காமல், காட்டன் திரையின் பின்னால் கொக்கி வைத்து மாட்டிக் கழற்றுகிற மாதிரி தைக்கச் சொன்னேன், துணியும் கூலியும் சேர்ந்து 1,500க்குள் முடிந்தது. வெள்ளைப் பக்கம் கண்ணாடியைப் பார்த்து இருக்க வேண்டும். நன்றாகவே இருட்டுகிறது. ஓரங்களில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம் வருகிறது, திரையின் ஓரத்தைச் சுவரோடு ஒட்டுகிற மாதிரி வெல்க்ரோ வைத்ததும் அதுவும் நின்றது. ஆனால் பூச்சுப் போட்ட பிளாக்அவுட் துணியை மிஷினில் போட்டால் பூச்சு உரிந்து விரிசல் விடும் என்பதால் கையால் அலச வேண்டியிருக்கிறது, கழற்றுகிற மாதிரி தைத்தது இதற்கும் வசதி. புது லைனிங்கில் முதல் வாரம் ஒரு ரப்பர் வாடை இருந்தது, மாடியில் நிழலில் உலர்த்தின பிறகு போய்விட்டது.

மொத்தக் கணக்கு ஹால் ஜன்னலுக்கு: தட்டி 3,630, காட்டன் 2,268, மல் நாலு அகலத்துக்கு 10.8 மீட்டர் 1,188, தையல் நாலு திரைக்கு 800, ராடு 1,400, ஆக 9,286. மாட்டுக்கூலியும் கப்பிக்கும் கொக்கிக்கும் தனியாகக் கொஞ்சம். ஷோரூம் விலைக்கு நாலாயிரம் குறைவு, அதற்கு மேல் வெளியே ஒரு தட்டியும் கிடைத்திருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும், மேற்குச் சுவர் பிடித்து வைத்திருக்கும் சூட்டுக்கு எந்தத் திரையும் ஒன்றும் செய்யாது. மே மாதம் ராத்திரி பத்து மணிக்குச் சுவரில் கை வைத்தால் இன்னும் அனல்தான். ஜன்னல் வழியாக வருவது நின்றிருக்கிறது, சுவர் வழியாக வருவது நிற்கவில்லை. ஆனாலும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஹாலில் உட்கார முடிகிறது, முன்பு அந்த நேரத்தில் எல்லோரும் கிழக்கு அறைக்கு ஓடுவோம். ஏசி போடுகிற நேரமும் தள்ளிப்போயிருக்கிறது. சூரியன் இறங்கினதும் தட்டியைச் சுருட்டி, ஸ்கிரீனை ஒதுக்கி, ஜன்னலை முழுசாகத் திறந்துவிட வேண்டும். எல்லா அடுக்கையும் ராத்திரி முழுக்க மூடியே வைத்திருந்தால் உள்ளே வந்த சூடு போக வழியில்லாமல் அறை புழுங்கும். சோம்பேறித்தனம் பட்டால் இந்த ஏற்பாடு பலன் தராது, தினமும் மூன்று மணிக்கு இறக்க, ஆறரைக்கு ஏற்ற ஆள் வேண்டும். வீட்டில் பகலில் யாருமே இல்லை என்றால் வெயில் காலம் முழுக்கத் தட்டியை இறக்கியே கட்டி வைத்துவிடலாம், வெளிச்சம் கொஞ்சம் குறையும், காற்று பலமான நாளில் மட்டும் காலையிலேயே ஏற்றிவிட்டுப் போக வேண்டும்.

பராமரிப்பு என்று பார்த்தால் தட்டியை வாரம் ஒருமுறை தென்னந்துடைப்பத்தால் தட்டினால் போதும், ஆடியில் இரண்டு முறை. பல்லி குடியேறும், அதற்கு மருந்து எனக்குக் கிடைக்கவில்லை. மல்லை மாதம் ஒருமுறை, காட்டனைப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் துவைக்கிறேன்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் கேட்பார்கள், சன்ஷேடில் கொக்கி அடிக்க ஓனர் விடமாட்டாரே என்று. தட்டியை கிரில் கம்பியிலேயே வெளிப்பக்கமாகக் கம்பி வைத்துக் கட்டிவிடலாம், அந்த இரண்டடி காற்று இடைவெளி கிடைக்காது, ஆனாலும் கண்ணாடிக்கு வெளியே இருக்கும். காலி பண்ணும்போது அவிழ்த்துக்கொண்டு போய்விடலாம். அபார்ட்மென்டில் வெளித்தோற்றம் மாறக்கூடாது என்று சங்கத்தில் சட்டம் வைத்திருந்தால் முதலில் செயலாளரிடம் கேட்டுவிட்டு அளவு கொடுங்கள். சமையலறை ஜன்னலுக்கு இதெல்லாம் வேண்டாம், கேஸ் அடுப்புப் பக்கத்தில் தொங்குகிற துணி ஆபத்து. அங்கே பழைய முறைப்படி ஸ்பிரிங் கம்பியில் கீழ்ப்பாதிக்கு மட்டும் ஒரு சின்னத் துணி, மேலும் கீழும் இரண்டு கம்பி போட்டு இறுக்கியிருக்கிறேன், 60 ரூபாயில் முடிந்தது. அந்த ஸ்பிரிங் வருடம் ஒருமுறை தொய்யும், ஒரு கொக்கியைக் கொஞ்சம் தள்ளி மாட்டினால் மறுபடி விறைப்பாகிவிடும்.